காலி செய்தவர் விட்டுப்போனவை



ஆடி முடியட்டும் என்று காத்திருந்த குடும்பங்கள் ஆவணி பிறந்ததும் வீடு மாறுகின்றன. சாமான் வண்டி கிளம்பியபின் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்த்தால் பரணில் ஒரு தகரப்பெட்டி, ஆணியில் சாமி படம், அலமாரியில் பை நிறையக் காகிதம். அடுத்த குடித்தனம் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டது. அதற்குள் வெள்ளை அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹென்றி டார்ஜர் என்றொருவர் இருந்தார். மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர். ஒரே வாடகை அறையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் தனியாக வாழ்ந்து, உடல் தளர்ந்ததும் 1972-இல் முதியோர் இல்லத்துக்குப் போனார். அறையை ஒழிக்கப் போனபோது பழைய செய்தித்தாள் குவியல்களுக்கு நடுவே 15,000 பக்கங்களுக்கு மேல் தட்டச்சு செய்த ஒரு கதையும், அதற்காக அவர் வரைந்த நூற்றுக்கணக்கான ஓவியங்களும் கிடைத்தன. வீட்டுக்காரர் நேதன் லெர்னர் புகைப்படக் கலைஞர் என்பதால் அவற்றின் அருமை அவருக்குத் தெரிந்தது. 1973-இல் டார்ஜர் இறந்தார். இன்று அந்த ஓவியங்களில் சில நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் அவை யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, 2022-இல் தூரத்து உறவினர்கள் நீதிமன்றம் போனார்கள். லெர்னர் காப்பாற்றியிராவிட்டால் கேட்பதற்கே ஒன்றும் இருந்திராது. அதற்காக, காப்பாற்றியவருக்கே பொருள் சொந்தம் என்றும் ஆகிவிடாது என்பது என் எண்ணம்.

நம் வீட்டுப் பரணில் ஓவியம் இருக்காது. மதிப்பெண் சான்றிதழ் இருக்கும், பத்திர நகல் இருக்கும், இறந்துபோன அப்பாவின் ஒரே புகைப்படம் இருக்கும். வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் அவசரமாக ஊர் திரும்பியிருந்தால், தொலைத்த ஒரு காகிதத்துக்காக அவர் எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பவர் போலவே அவரும் அதைக் காக்க வேண்டும்.

இது பெரிய சுமையும் இல்லை. கெட்டுப்போகும் பண்டங்களைத் தவிர மற்றதை ஒரே பெட்டியில் கட்டி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எப்போது வந்து எடுத்துக்கொள்வார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவருடைய உறவினரையோ வேலை பார்த்த இடத்தையோ விசாரியுங்கள். பழைய பாயையும் உடைந்த வாளியையும் கழித்துவிடலாம். காகிதங்களை மட்டும் கடைசிவரை வைத்திருங்கள். வாடகை பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைப்பது கொடுமை. பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு.

காலி செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கணக்கு முடிக்கும் அன்று வீட்டுக்காரரோடு சேர்ந்து பரண்வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிய முகவரியையும், உங்களைத் தவிர இன்னொருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்