கோச்சை நீக்க ரூ.3.36 கோடி: ஒப்பந்தத்தில் எங்கே ஓட்டை?

மேட்ச் தோற்றால் முதலில் ஆட்டம் காண்பது கோச்சின் நாற்காலிதான். ஆனால் வேலை போவது வேறு, ஒப்பந்தம் முடிவது வேறு. இந்திய கால்பந்து கூட்டமைப்பு இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

என்ன நடந்தது?

குரோஷியாவின் இகோர் ஸ்டிமாக் 2019-ல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2023 அக்டோபரில் அவரது ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 ஜூனில் கத்தாரிடம் 1-2 எனத் தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியது. சில நாட்களில் ஸ்டிமாக் நீக்கப்பட்டார். மூன்று மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னது கூட்டமைப்பு. ஃபிஃபாவுக்குப் போவேன் என்றார் அவர். கடைசியில் 4 லட்சம் டாலருக்கு, அதாவது சுமார் ரூ.3.36 கோடிக்குச் சமரசம் ஆனது.

ஃபிஃபா விதி என்ன?

பயிற்சியாளர்களுக்கென 2021 முதல் தனி விதிகள் உண்டு. நியாயமான காரணமின்றி நீக்கினால், மீதிக் காலச் சம்பளமே இழப்பீட்டுக்கு அடிப்படை. தோல்வி மட்டும் பொதுவாக நியாயமான காரணம் ஆகாது. இடையில் வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் கழிக்கப்படும். இழப்பீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் கணக்கு அதன்படிதான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கியா? 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு கோச்சே விலகலாம்.

நிர்வாகிகளுக்கு?

கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் ஷாஜி பிரபாகரன் 2023 நவம்பரில் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கே எழுந்த கேள்வி.

நம்ம ஊர் கோச்சுக்கு?

சிக்கல் இங்கேதான். ஃபிஃபா தீர்ப்பாயம் விசாரிப்பது வெளிநாட்டுத் தொடர்புள்ள வழக்குகளை. இந்திய கோச், இந்திய கிளப் என்றால் உள்ளூர் அமைப்போ நீதிமன்றமோதான் கதி. 2025 ஆகஸ்டில் ஐஎஸ்எல் நடக்குமா என்றே தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்சி முதல் அணியின் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி செயல்பாடுகளையே நிறுத்தியது. தருமபுரியிலிருந்து லைசென்ஸ் எடுத்துக்கொண்டு இந்த இரு நகரங்களுக்கும் வேலை தேடிப் போகும் இளைஞருக்கு, ஸ்டிமாக்கிடம் இருந்த பிடி கிடையாது.

எனவே கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்: எத்தனை மாத ஒப்பந்தம்? நடுவில் நீக்கினால் எவ்வளவு தருவார்கள்? லீக் நின்றால் சம்பளம் உண்டா? தகராறு வந்தால் எங்கே போவது? வாய்வார்த்தை போதாது, பதில் பேப்பரில் இருக்கணும்.