ரூட்டிங் டேபிளைக் கையால் எழுதிப் பழகுவோமே!

லேப் சர்வருக்குப் போகும் கேபிள் ஒரு பக்கம், செல்போன் ஹாட்ஸ்பாட் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே லேப்டாப்பில் இணைத்துவிட்டு "நெட் வரலையே" என்று முழிப்பது திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. கேபிளைப் பிடுங்கினால் நெட் வரும், சர்வர் போய்விடும். செருகினால் சர்வர் வரும், நெட் போய்விடும். இப்படிப் பிடுங்கிச் செருகியே நாலு வருடத்தையும் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு :-) ஒரே ஒரு கட்டளையில் தீர்கிற விஷயம் இது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டளையை ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் அழகாக எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள்.

ரூட்டிங் டேபிள் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. திண்டுக்கல் ஜங்ஷனை நினைத்துக்கொண்டால் போதும். அங்கிருந்து திருச்சி, மதுரை, கரூர், பழனி என்று நாலு பக்கம் தண்டவாளம் பிரிகிறது. ஒரு பார்சல் வந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது? கரூர் என்றால் கரூர் பாதை. பழனி, பொள்ளாச்சி என்றால் பழனி பாதை. மதுரையும் அதற்குத் தெற்கேயும் என்றால் மதுரை பாதை. மற்ற எல்லாம் திருச்சி பாதை. இந்த நாலு வரிதான் டேபிள். கடைசி வரிக்குப் பெயர் டீஃபால்ட் ரூட். "மற்ற எல்லாம்" என்பதில் கரூரும் அடங்கும்தானே என்று கேட்கலாம். அடங்கும். ஆனால் கரூர் என்று பெயர் சொல்லி ஒரு வரி தனியாக இருப்பதால் அதுவே ஜெயிக்கும். குறிப்பாகச் சொன்னது பொதுவாகச் சொன்னதை முந்தும். இந்த ஒரு விதி புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்னொன்று, பார்சல் கடைசி வரை எப்படிப் போகும் என்று ஜங்ஷனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்து யார் கையில் கொடுப்பது என்று தெரிந்தால் போதும்.

இப்போது அந்த லேப்டாப்புக்கு வருவோம். அதில் "மற்ற எல்லாம்" என்று இரண்டு வரி இருக்கிறது, கேபிள் வழியாக ஒன்று, ஹாட்ஸ்பாட் வழியாக ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி என்பதால் மெட்ரிக் எண் குறைவாக உள்ளது ஜெயிக்கும். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று கொடுக்கும். ஆக எல்லாம் கேபிளில் போய் முட்டி நிற்கிறது. "ஐபி ரூட் டெல் டீஃபால்ட் டெவ்" என்று அடித்துக் கேபிள் கார்டின் பெயரைச் சேர்த்தால் அந்த ஒரு வரி மட்டும் போகும். சர்வர் இருக்கும் 192.168.1.0/24 மாதிரியான உள்ளூர் வரி அப்படியே இருக்கும். சர்வரும் வரும், நெட்டும் வரும்.

உலக இணையத்தையே ஒரு ராத்திரி ஆட்டிவைத்ததும் இதே விதிதான். 2008 பிப்ரவரி 25 அன்று, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.17 மணிக்கு, பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதி தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. நாட்டுக்குள் யூடியூபை முடக்கப் போட்ட வரி அது. அதன் மேல் இணைப்பான பி.சி.சி.டபிள்யூ. நிறுவனம் எதையும் சரிபார்க்காமல் உலகத்துக்கே பரப்பிவிட்டது. யூடியூப் அப்போது அறிவித்திருந்தது 208.65.152.0/22, அதாவது 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. பாகிஸ்தான் சொன்னது 256 மட்டுமே கொண்ட சின்னத் தொகுதி. குறிப்பாகச் சொன்னது முந்தியது. யூடியூப் பதிலுக்கு அதே /24-ஐ அறிவித்தது. பிறகு அதையும் இரண்டாக வெட்டி 128, 128 என்று இன்னும் குறிப்பாக அறிவித்தது. சண்டை முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜங்ஷனில் கரூர் வரி ஜெயிப்பதற்கும் இதற்கும் கொள்கையில் எந்த வித்தியாசமும் இல்லை!

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் நெட்வொர்க் தனக்குச் சொந்தமில்லாத 30,000க்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தன்னுடையது என்று அறிவித்தது. அதற்குள் வரும் போக்குவரத்து சுமார் 13 மடங்கு எகிறியது. டேபிளுக்குச் சந்தேகப்படத் தெரியாது. எழுதியதை நம்பும், அவ்வளவுதான்.

"இதனால்தான் கையால் எழுதக் கூடாது, எல்லாவற்றையும் மென்பொருளிடம் விட்டுவிட வேண்டும்" என்று ஒரு கட்சி சொல்லும். பெரிய நெட்வொர்க்குகளுக்கு அது சரிதான், ஆயிரக்கணக்கான வரிகளை மனிதர்கள் அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் படுத்துக்கிடந்ததே, அங்கே தப்பான கட்டளைகளைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கை மென்பொருள் இருந்தது. அதில் ஒரு பிழை. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த கட்டளை அதைத் தாண்டிப் போய் முதுகெலும்பு இணைப்புகளையெல்லாம் அறுத்துவிட்டது. கடைசியில் ஆட்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். மென்பொருள் கைவிட்ட நேரத்தில் டேபிளைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டியிருக்கிறது. கையால் எழுதிப் பழகாதவருக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

நம் லேப்களில் குறை எங்கே என்றால், "ரூட் ஆட்" அடித்து, பிங் போய், அவுட்புட் வந்தால் மார்க். வராவிட்டால் பக்கத்து சிஸ்டத்தைப் பார்த்து எழுதினாலும் மார்க். பிங் ஏன் வரவில்லை என்பதில்தானே பாடமே இருக்கிறது? "நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்" என்று வந்தால் தன் டேபிளிலேயே வழி இல்லை. தன் மெஷினே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று சொன்னால் வழி இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் குரல் கொடுக்கவில்லை. எதுவுமே வராமல் மௌனமாக இருந்தால்தான் சுவாரசியம். நடு மெஷினில் ஃபார்வர்டிங் போடாமல் இருக்கலாம் (லினக்ஸில் தானாகப் போட்டிருக்காது). அல்லது பாக்கெட் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வர அந்த மெஷினில் வழி இல்லாமல் இருக்கலாம். போகிற வழியை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பும் வழியை மறப்பதுதான் புதிதாகக் கற்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம்.

படித்து முடித்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விடுவதில்லை. வேடசந்தூர் பக்கத்து ஸ்பின்னிங் மில்லிலோ, ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் மண்டியிலோ, ஊரில் ஒரு கேபிள் நெட் ஆபீஸிலோ வேலைக்குச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நெட்வொர்க்குக்கு ஒரே ஆள்தான், கேட்க சீனியர் கிடையாது. இரண்டு பிராட்பேண்ட் லைனில் ஒன்று செத்தால் டீஃபால்ட் ரூட்டை மாற்ற வேண்டியவர் அவர்தான். வீட்டிலிருந்தே எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போய், பழைய டீஃபால்ட்டை முதலில் அழித்துவிட்டால் தீர்ந்தது. உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியாயிற்று, இனி வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்கு நேரில் போக வேண்டியதுதான். சிஸ்கோ ரவுட்டரில் வேலையைத் தொடங்கும் முன் "ரீலோட் இன் 10" என்று அடித்துவைத்தால் பத்து நிமிடத்தில் அது ரீபூட் ஆகி, சேமித்துவைத்த பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் ரத்து செய்துவிடலாம். ஜூனிப்பரில் "கமிட் கன்ஃபர்ம்டு" இதே வேலையைச் செய்யும். ரெக்கார்டு நோட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

லேப் நேரம் போதவில்லை என்பதும் சரியான சாக்கு இல்லை. "ஐபி நெட்என்எஸ்" என்ற கட்டளையில் ஒரே லினக்ஸ் லேப்டாப்புக்குள் மூன்று தனித்தனி நெட்வொர்க்குகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி டேபிள் கொடுத்து விளையாடலாம். "ஐபி ரூட்" மூலம் எழுதியதெல்லாம் ரீபூட் ஆனால் அழிந்துவிடும் என்பதால் எதுவும் கெட்டுப்போகாது. செய்முறைத் தேர்விலும் காலி டேபிளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதைவிட, வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துவைத்த மெஷினைக் கொடுக்கலாம். டேபிளில் கைவைக்கும் முன்பே "ஐபி ரூட் கெட்" என்று அடித்துப் போக வேண்டிய முகவரியையும் சேர்த்து, இந்தப் பாக்கெட் எந்தப் பக்கம் போகும் என்று கெர்னலிடமே கேட்கிற மாணவருக்குப் பாதி மார்க்கை அப்போதே போட்டுவிடலாம்.