யாரிடம் சொல்லக்கூடாது?

1951 ஏப்ரல். கொரியப் போரில் இம்ஜின் ஆற்றங்கரையைக் காத்துநின்ற பிரிட்டிஷ் படையைச் சீனப் படை நெருக்கிக்கொண்டிருந்தது. நிலைமை சற்று ‘ஸ்டிக்கி’யாக இருப்பதாக பிரிகேடியர் டாம் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் தெரிவித்தார். கழுத்தளவு ஆபத்தைக்கூட அடக்கிச் சொல்வது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கருக்கோ, சிரமம்தான், ஆனாலும் சமாளிக்கிறார்கள் என்று பட்டது. குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியன் குன்றின் மேல் தனித்துப்போனது. 500-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். அதற்கான காரணங்களில் ஒன்றாக இந்தச் சொல்லும் பேசப்படுகிறது.

இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான். ஆனாலும் ஒரே சொல் இரு நாட்டிலும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒரு பொருளை ‘டேபிள்’ செய்வதென்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளிடையே நீண்ட வாக்குவாதம் மூண்டதைச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

நம் ஆங்கில வகுப்பறைகளில் என்ன நடக்கிறது? ‘கிக் தி பக்கெட்’ என்றால் இறத்தல் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அந்த மாணவர் நாளை வேலைக்குப் போய், தந்தையை இழந்த வெளிநாட்டு அதிகாரிக்கு இரங்கல் மடலில் அதை எழுதினால் என்ன ஆகும்? ‘உங்கள் அப்பா மண்டையைப் போட்டதறிந்து வருந்துகிறேன்’ என்று எழுதியதற்குச் சமம். பொருள் சரி, தொனி கொடுமை.

இந்த நுட்பம் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. நன்னூல் சொல்லும் தகுதி வழக்கில் ‘மங்கலம்’ ஒரு வகை. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். காலமானார், போய்ச்சேர்ந்தார், மண்டையைப் போட்டார் என்பவற்றில் எது துக்க வீட்டுக்குரியது, எது திண்ணைப் பேச்சுக்குரியது என்பதை இலக்கணம் படிக்கும் முன்பே அந்தப் பிள்ளை அறிந்திருக்கிறது. அந்த அறிவை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே கழற்றிவைக்கச் சொல்வதுதான் நம் தவறு.

ஆங்கிலத் தொடர் ஒன்றைக் கற்பிக்கும்போது, அதே நிறமுள்ள தமிழ்த் தொடரை மாணவரையே தேடச் சொல்லவேண்டும். அந்த ஆங்கிலத் தொடர் பிறந்த களத்தையும் காட்டவேண்டும். தோராயமான தொகையைக் குறிக்கும் ‘பால்பார்க் ஃபிகர்’ அமெரிக்க பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. ‘பொதுவாக’ என்று பொருள்படும் ‘பை அண்ட் லார்ஜ்’ பாய்மரக் கப்பலில் பிறந்தது. களம் தெரிந்தால் தொடர் மறக்காது. தொனி தெரிந்தால்தான் அதைத் துணிந்து பயன்படுத்த முடியும்.

மாற்றத்தைத் தேர்வுத்தாளிலிருந்தே தொடங்கலாம். ‘பொருள் எழுதுக’ என்பதற்குக் கீழே இன்னொரு கேள்வியும் வரட்டும்: ‘இதை யாரிடம் சொல்லக்கூடாது?’