தலைவருக்குப் பொன்னாடை, கோல் போட்டவருக்கு?

பெங்களூரில் தமிழர்கள் நடத்தும் விளையாட்டு மன்றங்கள் சில, உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் செய்திக் கடிதம் அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. அச்சுக்கூலி இல்லை, தபால் செலவு இல்லை. காரியதரிசி வீட்டில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் அல்சூரிலும் கிடைக்கிறது, துபாயில் வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரருக்கும் கிடைக்கிறது. வரவேற்க வேண்டிய காரியம்தான். ஆனால் அதைப் படிக்கிறவர் எத்தனை பேர்?

இத்தகைய கடிதங்களில் ஒன்றைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். முதலில் தலைவரின் படம். அடுத்து, தலைவர் ஆட்டத்தைத் தொடங்கி வைத்த செய்தி. பிறகு பொன்னாடை போர்த்தியவர்கள் பட்டியல், நன்கொடை அளித்தவர்கள் பட்டியல். கடைசி வரியில், நமது அணி 2-1 என்ற கோல் கணக்கில் தோல்வி அடைந்தது என்று இருக்கும். அந்த ஒரு கோலைப் போட்ட பையன் யார்? எந்த நிமிடத்தில் போட்டான்? மூச்சு கிடையாது. தலைவர் பெயர் மட்டும் நான்கு இடத்தில் வரும். அவர் ஆட்டம் முடியும் வரை மைதானத்தில் இருந்தாரா என்பது வேறு விஷயம்.

தோற்ற ஆட்டத்தில் எழுத என்ன இருக்கிறது என்று காரியதரிசிகள் கேட்கலாம். 1948-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்சிடம் தோற்றதும் இதே 2-1 கணக்கில்தான். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலுடன் ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. 70-வது நிமிடத்தில் அதைச் சமன் செய்தவர் பெங்களூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தது. இத்தனையும் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், பார்த்தவர்கள் எழுதி வைத்ததுதான் காரணம். வெறும் ஸ்கோரை மட்டும் எழுதியிருந்தால் ராமன் யார் என்று கேட்க வேண்டியிருக்கும்.

உள்ளூர் ஆட்டங்களுக்கு அந்தக் கதி நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அல்சூர் கவுதமபுரத்தில் பீலேக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த அந்தப் பகுதியில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்புக்கு ஒரு வழி. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூர்க்காரர். கல்கத்தாவில் மோகன் பகான் அணிக்கு அவர் ஆடியதைப் பற்றி வங்காளிகள் எழுதினார்கள். இங்கே அவர் சிறுவனாகப் பந்து உதைத்த நாட்களைப் பற்றி எத்தனை பேர் எழுதி வைத்தார்கள்? 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று 54 ஆண்டுகளுக்குப் பிறகு கர்நாடகம் சந்தோஷ் டிராபியைக் கைப்பற்றியது. எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் 'சி' டிவிஷன் ஆட்டத்துக்கு நிருபர் வரமாட்டார். மன்றத்தின் கடிதம் ஒன்றுதான் அதற்குப் பதிவு. வேலைக்கு மனுப் போடும் பையனுக்கு அது சான்றிதழ் ஆகாது. ஆனாலும், எந்த ஆண்டு, எந்த அணிக்கு, எத்தனை கோல் என்பதற்கு அவன் கையில் வேறு காகிதமே இல்லாமல் போகலாம்.

ஆகவே பெயர்கள் சரியாக இருக்க வேண்டும். பதினொரு பேரும், மாற்று ஆட்டக்காரர்களும், இனிஷியலுடன். எதிர் அணியில் நன்றாக ஆடியவனையும் சேர்த்து எழுதினால் அந்த மன்றத்தாரும் கடிதத்தைக் கேட்டு வாங்குவார்கள். ஆட்டம் முழுவதையும் நிமிடத்துக்கு நிமிடம் எழுத வேண்டியதில்லை. ஆட்டம் திரும்பிய ஒரு கட்டத்தைப் பிடித்து, பந்து யார் காலிலிருந்து யாருக்குப் போயிற்று என்று ஆறு வரி எழுதினால் போதும். பார்க்காதவனும் பார்த்த மாதிரி இருக்கும். "அபாரம்", "அற்புதம்" என்ற சொற்களுக்கு ஒரு மாதம் விடுமுறை கொடுக்கலாம்.

தலைப்பும் அப்படியே. "மாத அறிக்கை" என்று வரும் மின்னஞ்சலை எவரும் திறப்பதில்லை. "கடைசி நிமிடப் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர்" என்று இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே திறந்து பார்ப்பார்கள். அதற்காக நடக்காததைத் தலைப்பில் போட்டு ஏமாற்றினால் அடுத்த வாரம் கடிதம் குப்பைக்குப் போகும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்குத் தனிச் சங்கடங்கள் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டினால் படிப்பவரின் கைபேசியில் வெறும் கிறுக்கல் தெரியும். யூனிகோடில்தான் அனுப்ப வேண்டும். அதிலும் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், தமிழில் 'மீ' என்ற ஒரே எழுத்துக்கு ஆறு பைட் ஆகிறது. கடிதத்தின் எழுத்தும் அலங்காரக் கட்டங்களும் சேர்ந்து 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். கட்டம், பூவேலை, வண்ணக் கோலம் எல்லாவற்றையும் குறைப்பது நல்லது. செய்தி முழுவதையும் சுவரொட்டி போலப் படமாக்கி அனுப்பும் வழக்கமும் வேண்டாம். படம் திறக்காதவருக்கு வெற்றுக் கடிதமே போய்ச் சேரும். முந்நூறு பேர் விலாசமும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்புவது மரியாதையும் அல்ல.

வாட்ஸ்அப் குழு இருக்க இது எதற்கு என்பார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே போன வார ஸ்கோரைத் தேடிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் எழுதும் கடிதம் என்பதற்காகத் தமிழ்ப் பெயர்களை மட்டும் பொறுக்கி எழுதக்கூடாது. 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடிய அகமது கான் இந்த ஊர்க்காரர்தான். கன்னடப் பையனும் மலையாளிப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கீழே நான்கு வரி ஆங்கிலத்திலும் போடலாம். மேலே உள்ளதைத் தாத்தா படித்துச் சொல்வார்.

ஞாயிறு ஆட்டத்தின் கடிதம் திங்கட்கிழமை காலை ஆபீஸ் பஸ் பிடிக்கும் நேரத்தில் கையில் இருக்க வேண்டும். தோற்ற வாரத்திலும் தவறக்கூடாது. அடியில் அடுத்த ஆட்டம் எந்த மைதானம், எத்தனை மணி, எந்த பஸ்ஸில் வரலாம் என்று மூன்று வரி. தலைவர் படத்துக்கு அதற்குக் கீழே இடம் இருந்தால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.