பேஸ் கிதார்காரரின் காது

பேஸ் கிதார் பழக ஆரம்பிப்பவர்களில் பலர் முதல் சில ஆண்டுகளை விரல்களுக்கே செலவழிக்கிறார்கள். ஸ்கேல், ஸ்லாப், வேகம் என்று அறைக்குள்ளேயே பயிற்சி நடக்கிறது. பிறகு ஒரு குழுவில் சேர்ந்தால், தனியாக வாசிக்கும்போது அசத்திய அதே கைகள் பாட்டைக் கெடுக்கின்றன. கோளாறு விரலில் இல்லை. குழுவில் பேஸ் வாசிப்பவர் வளர்வது பெரும்பாலும் காதால்தான். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு, தன் ஸ்வரத்தை எங்கே தொடங்குவது, அதைவிட முக்கியமாக எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கப் பழகுவதே அந்த வளர்ச்சி.

நிறுத்துவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முதல் தட்டில் டிரம்மர் கிக் டிரம்மை மிதிக்கிறார். பேஸும் கூடவே ஒலிக்கிறது. இரண்டாம் தட்டில் ஸ்னேர். அதுவரை பேஸ் ஒலியை நீட்டினால் பாட்டு இழைந்து ஓடும். ஸ்னேருக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் இடது கை விரலை லேசாகத் தளர்த்தி ஒலியை அடைத்தால், ஸ்னேர் பளிச்சென்று வெடிக்கும். கேட்பவரின் கால் தாளம் போடும். இரண்டிலும் ஸ்வரம் ஒன்றே, விரல் தளர்ந்த கணம்தான் வேறு. கார்டு விஷயத்திலும் இப்படித்தான். கிதார் சி மேஜரைப் பிடித்திருக்க, பேஸ் அடியில் ஏ வாசித்தால் மொத்தமும் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். கிதார்காரர் விரலை அசைக்கவே இல்லை, பாட்டின் முகம் மாறிவிட்டது. (பாடகரின் மெட்டுக்கு அடியில் பேஸ் தனி மெட்டாக நடக்கும் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

இதற்கு வலுவான சான்று டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களில் மோடவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். வலது கையில் அவர் பயன்படுத்தியது ஆட்காட்டி விரல் ஒன்றைத்தான். கம்பிகளையும் லேசில் மாற்றமாட்டார். இன்றைய பயிற்சி வகுப்பில் இரண்டுமே குறையாகிவிடும். ஆனால் ஜாஸ் கிளப்புகளில் டபுள் பேஸ் வாசித்து வந்த காது அது. ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஒரே ஸ்டுடியோ குழுவோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தது. அதனால்தான் அவருடைய வரிகள் எவ்வளவு நெளிந்தாலும் பாடகரை இடறவில்லை.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் இல்லையா, 1976இல் வந்த தன் பெயரிலான ஆல்பத்தில் பேஸைத் தனி வாத்தியமாகவே நிறுத்தியது விரல் வித்தைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காது கேட்டதைக் கை செய்ய மறுத்தால் பயனில்லை, பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கோ முதலில் டிரம்மர். மணிக்கட்டில் அடிபட்ட பிறகே பேஸுக்கு வந்தார். அந்த ஆல்பத்துக்கு முன் வெயின் காக்ரனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி வாசித்திருக்கிறார். வித்தையின் அடியில் தாளம் ஏற்கெனவே இருந்தது.

பால் மெக்கார்ட்னியையும் எதிர்வாதமாகக் காட்டுவார்கள். 1967 வாக்கில் அவர் பல பாடல்களில் பேஸை எல்லோரும் வாசித்து முடித்த பிறகு தனியாகப் பதிவு செய்தார். உண்மை. ஆனால் கடைசியில் வாசித்ததால் முழுப் பாட்டும் காதில் விழுந்த பிறகே ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஹாம்பர்க் கிளப்புகளில் இரவிரவாகக் குழுவோடு வாசித்தவர் அவர்.

மெட்ரோனோம் போதாதா என்றால், போதாது. அது நம்மைக் கேட்பதில்லை. டிரம்மர் மேடையில் வேகமெடுத்தால், மெட்ரோனோம் கற்றுத்தந்த காலப்பிரமாணத்தைப் பிடித்துத் தொங்கும் பேஸ் பாட்டை இரண்டாகப் பிளந்துவிடும். அந்த நேரத்தில் அவரோடு போவதுதான் சரி. கணக்குத் தீர்க்க ஒத்திகை இருக்கிறது. செல்போனில் பதிவு செய்து, கிக்கும் பேஸும் ஒரே ஒலியாக விழாத இடங்களை டிரம்மரும் பேஸ்காரரும் மட்டும் உட்கார்ந்து சரிசெய்ய அரை மணி நேரம் ஒதுக்கலாம். மற்றவர்கள் அதற்குள் டீ குடித்துவிட்டு வரட்டும்.