ஒலியொப்புமை உறவாகாது

ஆங்கிலத்தில் ‘நைட்டு’ என்னும் ஒரே ஒலியில் இரு சொற்கள் உள. ஒன்று இரவைக் குறிக்கும். மற்றொன்று மறவர்க்குரிய பட்டத்தைக் குறிக்கும். பின்னதன் எழுத்துக்கூட்டில் முதற்கண் நிற்கும் ககரவொலி இன்று ஊமை. பழைய ஆங்கிலத்திலோ அச்சொல் ‘க்னிக்ட்’ என ஒலித்தது. சிறுவன், ஏவலன் என்பனவே அதன் அன்றைய பொருள். இரவு ‘நிக்ட்’ எனப்பட்டது. வெவ்வேறு வேரில் முளைத்த இரண்டும் ஒலி தேய்ந்து ஒன்றாயின. மாறாக, மலரைக் குறிக்கும் ‘பிளவர்’ என்பதும் மாவைக் குறிக்கும் ‘பிளவர்’ என்பதும் இன்று எழுத்தாலும் பொருளாலும் வேறு, பிறப்பால் ஒன்றே. மாவின் மிகச் சிறந்த பகுதியை அதன் மலர் என்றனர் முன்னோர். எனவே, சொல்லின் குடிப்பிறப்பைக் காட்டுவது வரலாறேயன்றி வெற்றொலி அன்று.

இந்நெறியால் தமிழுக்கு ஆக்கமே உண்டு. கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேசு’ என்னும் ஆங்கிலச் சொல், பெட்டி எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லின் வழிவந்தது. அதே ஒலியும் எழுத்துமுடைய மற்றொரு ‘கேசு’, நம் காசு. போர்த்துக்கீசியர் வாய்வழி ஆங்கிலம் புகுந்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்னும் கணக்கு 1818 வரை சென்னையில் வழங்கிற்று. ‘கறி’யும் இவ்வாறே. தோல் பதனிடுதலைக் குறிக்கும் பிரஞ்சுவழிச் சொல் வேறு. உணவைக் குறிக்கும் நம் சொல் வேறு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஆப்சன்-சாப்சன்’ என்னும் அகரமுதலி, கறியைத் தமிழ்ச்சொல்லென்றே பதிந்துள்ளது.

இத்துணைச் சான்றிருக்க, தமிழ்ப்பற்றாளர் சிலர் ‘ஒன்று’ என்பதே ஆங்கில ‘வன்’ என்றும், ‘எட்டு’ என்பதே ‘எய்ட்டு’ என்றும் மேடைதோறும் முழங்குகின்றனர். ‘வன்’ என்பதன் பழைய வடிவம் ‘ஆன்’. வகரவொலி பிற்காலத்து வரவு. ‘ஓன்லி’, ‘அலோன்’ என்னும் சொற்களில் அவ்வரவு இன்றும் இல்லை. ‘எய்ட்டு’ என்பதன் உறவு இலத்தீன ‘ஒக்டோ’; தமிழ் எட்டின் வேரோ எண்பது, எண்மர் என்பவற்றில் விளங்கும் ‘எண்’. இன்று ஒத்தொலிப்பன அன்று ஒத்தொலித்தில.

கைதட்டல் பெறும் கூற்றெல்லாம் மொழிநூல் மன்றத்தில் நில்லா. பொய்ச்சான்று ஒன்று புகுந்தால் மெய்ச்சான்று பத்தும் ஐயத்திற்கு உள்ளாகும். கட்டுமரமும் சுருட்டும் தமிழே என்று மெய்யுரைக்கும் போதும் மாற்றார் நகைப்பர். தமிழில் கலந்த அயற்சொற்களை வேர்கண்டு விலக்குவோர், அயன்மொழியில் கலந்த தமிழ்ச்சொற்களையும் அதே நிறைகோலால் நிறுத்தல் வேண்டும். வாங்க ஒரு கோலும் விற்க ஒரு கோலும் வைத்திருப்பது வணிகனுக்கே இழுக்கு. மொழிகாக்கும் மறவர்க்கு அது எவ்வாறு அழகாகும்? தமிழுக்கு இரவற்பெருமை வேண்டா. இருக்கும் பெருமையை மெய்ப்பித்தாலே போதும்.