கேமராவுக்கு ரெண்டு லட்சம், பேட்டரிக்கு காசு இல்லையா?

செவ்வாப்பேட்டை பக்கம் ஒரு கல்யாணம். காலை ஆறு மணிக்குள் முகூர்த்தம். மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயார், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார்... கேமரா அணைந்து விடுகிறது. இது எந்த ஊரிலும் நடக்கக் கூடிய கதைதான். அடுத்து நடப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஸ்டுடியோ ஓனர் "பையன் சார்ஜ் போடலை" என்பார். பையனின் கூலியில் பாதி போய்விடும்.

பையன் மேல் என்ன தப்பு? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசப்ஷன் முடிய இரவு பத்தரை ஆகும். விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி ஷூட்டிங். இடையில் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். ஒரு பேட்டரி முழுசாக ஏற இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், ஒரு சார்ஜரில் இரண்டு பேட்டரிதான் ஏறும். ஆறு பேட்டரிக்கு மூன்று சார்ஜர் வேண்டும். ஓனர் கொடுத்தது ஒன்று! அதையும் சொருக மாப்பிள்ளை அறையில் இருக்கும் ஒரே பிளக்கில் ஏற்கனவே நாலு செல்போன். இந்தப் பையன் ராத்திரி முழுக்கக் கண் விழித்திருந்தாலும் ஆறு ஏறாது. இது சோம்பேறித்தனம் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். கேமரா நிலையான சொத்து. பேட்டரி, கார்டு, சார்ஜர் எல்லாம் நடைமுறை மூலதனம் மாதிரி. மெஷின் வாங்கிவிட்டு நூல் வாங்கக் காசில்லாமல் நிற்கும் மில்லை யாராவது மில் என்பார்களா? ஆனால் கேமரா மாடல் பெயரை விசிட்டிங் கார்டில் போடலாம், பேட்டரி எண்ணிக்கையைப் போட முடியாதே! அதனால் காசு முழுக்க அங்கே போகிறது, பேட்டரி மட்டும் "டூப்ளிகேட்" வாங்கப்படுகிறது. உறையில் அச்சடித்த எம்ஏஎச் வேறு, உள்ளே இருப்பது வேறு. பாதி சார்ஜ் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று படுத்துவிடும்.

லைட் கதையும் இதுதான். சோனியின் என்பி-எஃப்970 வகை பேட்டரி ஒரிஜினலாகவே சுமார் 47 வாட்-அவர். 30 வாட் எல்இடி லைட்டில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவே. கார்டிலும் இதே அலட்சியம். 100 எம்பிபிஎஸ்-ல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. நலங்கு முதல் மறுவீடு வரை இரண்டு கார்டில் ஓட்டச் சொன்னால் பையன் எதை அழிப்பான்?

"கரண்ட் இருக்கே, அடாப்டர் போட்டுக்கலாம்" என்கிறவர்களும் உண்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன மாவட்டங்கள் உண்டு என்பதை அதற்குள் மறந்துவிட்டார்கள் போல. இன்று நிலைமை அப்படி இல்லைதான். ஆனால் மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடி போதும், அடாப்டரை மட்டும் நம்பிய கேமரா அணைய. அது தவிர, ஈரத் தரையில் வயரை இழுத்துக்கொண்டு ஹோமத்தைச் சுற்றி ஓடுவது உயிரோடு விளையாடுவது. (பாட்டிமார்கள் தடுக்கி விழுவது தனிக் கணக்கு.)

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ரிச்சி ஸ்ட்ரீட் போய் எதையும் வாங்கிவிடலாம் என்று தைரியம் சொல்வார்கள். வாங்கலாம், முந்தின வாரம். முகூர்த்த நாளில் அங்கே கடை திறக்கும்போது இங்கே இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருக்கும்.

உருப்படியாக வேலை செய்யும் பையன்கள் செய்வதைப் பாருங்கள். முந்தின நாளே ஒவ்வொரு பேட்டரியையும் கேமராவில் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். ஏறியதற்கு ரப்பர் பேண்ட், தீர்ந்ததற்கு இல்லை. காலர் மைக்குக்குப் புது செல், சொந்தமாக ஒரு ஜங்ஷன் பாக்ஸ், லென்ஸ் துடைக்கத் துணி. இதற்கே அரை நாள் போகிறது. அந்த அரை நாளுக்கு எந்த ஓனரும் கூலி கொடுப்பதாகத் தெரியவில்லை. ஷூட்டிங் நாளில்தான் "வேலை" ஆரம்பிக்கிறதாம்!

கல்யாண வீட்டாரும் சும்மா இல்லை. மண்டபத்துக்கு கரண்ட் பில் தனி, டீசல் தனி என்றால் முனகாமல் கட்டுகிறார்கள். வீடியோ ரேட்டில் மட்டும் ஐயாயிரம் குறை என்று நிற்கிறார்கள். அந்த ஐயாயிரம் ஓனர் லாபத்தில் குறையாது. மூன்றாவது சார்ஜரில் குறையும், பையன் கூலியில் குறையும். அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எத்தனை பேட்டரி, எத்தனை சார்ஜர் கொண்டு வருவீங்க?